பதினோரு பேர் பார்த்த படமும், பார்க்காத மாதையன் சொன்ன கருத்தும்

போன வாரம் பெரியவள் போனில் கேட்டாள்: "அப்பா, வெள்ளிக்கிழமை ஒரு படம் ரிலீஸ். தியேட்டர் வாசல்ல, படம் பாத்துட்டு வர்றவங்க கருத்து, பப்ளிக் பைட், எடுக்கச் சொல்லியிருக்காங்க. எப்பிடி எடுக்கறதுன்னு நாலு டிப்ஸ் சொல்லு." குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மகளே, உனக்கும், வீடியோ வெட்டி ஒட்டுகிற உன் தம்பிக்கும், உங்களோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அலைகிற மற்ற பிள்ளைகளுக்கும். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் சின்னவன் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

"வயசாச்சு, கண்ணு சரியில்ல, அதான் வேலையை விட்டுட்டேன்" என்று இரண்டு வருடமாக வீட்டில் சொல்லி வருகிறேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஓய்வு கொடுத்தது ஒரு சினிமாப் படம். அந்தப் படத்தை அன்றைக்கு நான் பார்த்திருக்கவில்லை என்பதுதான் கதையே.

முதலில் எங்கள் காலத்துப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அப்பா ஏதோ ஒரு நாள் தெரியாமல் தவறு செய்துவிட்டார் என்று நினைப்பீர்கள். தெரியாமல் எதுவும் செய்யவில்லை. தருமபுரியில் முப்பது வருடம் நிருபராக இருந்தேன், அதில் பாதி பேப்பர், பாதி டிவி. சாலை மறியல் முடிந்து ஜனங்கள் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போகும்போதுதான் நான் பைக்கில் போய் இறங்குவேன். "ரெண்டே நிமிஷம் மறுபடி ஒக்காருங்கக்கா" என்பேன். உட்காருவார்கள். ஒரு தடவை மறியலைக் கலைத்த போலீஸ்காரரே வந்து, "நான் எந்தப் பக்கம் நின்னா நல்லாருக்கும்?" என்று கேட்டார். ஒகேனக்கலில் வெள்ளம் வந்தபோது கரையோரத் தண்ணீரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் நெஞ்சளவு வந்துவிட்டது என்று மைக்கில் பதறினேன். அது நேரலை. எனக்குப் பின்னால் ஒரு பரிசல்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கையில் மீன் பையோடு, முழங்கால் தண்ணீரில் சாவகாசமாக நடந்து போனார். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் நாங்களும் நிறுத்தவில்லை. இதற்கெல்லாம் பொய் என்று பெயர் வைத்ததில்லை. "செட் பண்றது" என்போம்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ஒரு காமெடிப் படம் வந்திருந்தது. டிவி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு நடக்காத செய்தியை நடந்ததாகக் காட்டிப் பிழைக்கிற நிருபர்களைக் கிண்டல் செய்கிற படம். சென்னையிலிருந்து எங்களை ஏவுகிற இடத்துக்கு டெஸ்க் என்று பெயர். அங்கிருந்து ஒரு தம்பி காலையிலேயே கூப்பிட்டு, "சார், காலைக் காட்சி முடிஞ்சதும் தருமபுரி மக்கள் கருத்து வேணும்" என்றான். அன்று நல்லம்பள்ளியில் விவசாயிகள் கூட்டம். அதிகாரி தாமதமாக வந்தார், கூட்டமும் இழுத்துவிட்டது. நான் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காற்றாடியது.

மேனேஜர் பாப்கார்ன் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கூட்டம் எங்கங்க?"

"எந்தக் கூட்டம்? மொத்தமே பதினோரு பேருங்க. அதுல நாலு பேரு ஏசிக்கு வந்து தூங்குனவங்க."

இரண்டு பேர்தான் மிச்சம் இருந்தார்கள். ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். மைக்கை நீட்டினேன். "குளுகுளுன்னு நல்லாருந்துச்சு சார்" என்றார். படத்தைத்தான் சொல்கிறாரா என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும்" என்றார்.

இன்னொருவர் ஒரு டீச்சரம்மா. ஸ்கூட்டரை எடுக்க வந்தவர், நன்றாகவே பேசினார். "நான் சிரிக்கலீங்க. தெனம் டிவில பாக்கறததான் காட்டியிருக்காங்க. அதுக்கெதுக்கு டிக்கெட்டு? ஆமா, நீங்க எந்த டிவி?" சொன்னேன். அப்போதுதான் சிரித்தார். ஹெல்மெட் போட்டு, வண்டியைக் கிளப்பி, தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவர் தோள் குலுங்கியது.

இரண்டுமே உண்மையான கருத்து. இரண்டுமே எனக்கு உதவாது. டெஸ்க் தம்பி மறுபடி கூப்பிட்டான்.

"சார், ஆறு பைட். அஞ்சு பேரு சூப்பர்னு சொல்லணும். ஒருத்தர் மட்டும் செகண்ட் ஆஃப் கொஞ்சம் நீளம்னு சொல்லணும். அப்பத்தான் நம்புவாங்க."

"பாத்ததே பதினோரு பேருதாம்பா."

"பதினொண்ணுல ஆறு இல்லயா சார்? எத்தன வருஷ சர்வீஸ் உங்களுக்கு!"

சர்வீஸ் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். ஒரு ஆட்டோக்காரர் "வயிறு குலுங்கச் சிரிச்சேன்" என்றார். வளையல் கடைக்காரர் "டைரக்டர் டச் தெரியுது" என்றார். அந்த வார்த்தையை எங்கே பிடித்தாரோ. ஜூஸ் கடைக்காரர் செகண்ட் ஆஃப் நீளம் என்றார். அவர் என் நிரந்தர விமர்சகர். நான் பைட் எடுத்த எல்லாப் படத்துக்கும் செகண்ட் ஆஃப் நீளம் என்று சொன்னவர், தியேட்டருக்குள் கால் வைத்தே பல வருடம் ஆகியிருந்தது. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் "செம செம செம, ஃபேமிலியோட பாக்கலாம்" என்று கத்திவிட்டு, நான் மைக்கை மடக்கும்போது, "எந்தப் படம்ணா?" என்று கேட்டார்கள்.

ஐந்து ஆயிற்று. ஆறாவதுக்கு ஒரு ஆள் வேண்டும்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தருகிற பாய் ஒருவரின் கடை வாசலில் ஒருத்தர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், கை முழுக்கக் கிரீஸ். அவர்தான் மாதையன், நல்லம்பள்ளிப் பக்கத்து கிராமம் ஒன்றில் குடிதண்ணீர் டேங்க் ஆப்பரேட்டர். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவர் ஒரு முகம், அவ்வளவுதான். அவர் என்னவோ சொன்னார், நீளமாகவே சொன்னார். வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, பின்னால் கடை போர்டு தெரிகிறதா என்று நான் செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தேன். அவர் மரியாதைக்காரர், அப்படியே ஒப்பித்தார்:

"இப்பதாங்க பாத்துட்டு வர்றன். சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குதுங்க. எல்லாக் கவலையும் மறந்து போச்சுங்க."

அந்த 'எல்லாக் கவலையும்' என் சொந்தச் சரக்கு. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை. சாயங்காலம் ஒளிபரப்பானது. டெஸ்க்கிலிருந்து கட்டைவிரல் படம் வந்தது.

சனிக்கிழமை காலை ஒரு போன். அந்தக் கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவியம்மாவின் வீட்டுக்காரர். தலைவி அம்மாதான், ஆனால் பேசுவதெல்லாம் இவர். குரலில் கல்யாணக் களை.

"சார், ஒங்க டிவிக்கு ஊரே நன்றி சொல்லுது! மோட்டார் காயில் போயி மூணு நாளா சொட்டுத் தண்ணியில்ல. பொம்பளைங்க கொடத்தத் தூக்கிட்டு தோட்டந்தோட்டமா அலையறாங்க. நம்ம ஆப்பரேட்டர் மோட்டாருக்குப் போறன்னு சொல்லிட்டு தருமபுரில படம் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கான். நீங்க மட்டும் காட்டலன்னா எங்களுக்குத் தெரியுமா? நாளைக்குக் காலைல ஊர்க்கூட்டம். அவன வேலைய வுட்டுத் தூக்கறோம். கேமராவோட வந்துருங்க."

 "அவரு என்ன சொல்றாருங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பாக்கவே இல்லன்னு சத்தியம் பண்றான். அவன் வாயால அவனே சொன்னத டிவில காட்டறாங்க, அதுக்கப்புறம் சத்தியம் வேற!"

டெஸ்க் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பாதியிலேயே அவன் துள்ளினான். "சார், சூப்பர்! 'செய்தி எதிரொலி: தண்ணீர் விடாமல் சினிமாவுக்குப் போன ஆப்பரேட்டர் நீக்கம்'. நாளைக்கு பத்து மணிக்கு லைவ் குடுத்துருங்க."

"தம்பி, அந்தாளு படமே பாக்கலப்பா. நான்தான் சொல்லச் சொன்னன்."

 அவன் குரல் மாறிவிட்டது, வக்கீல் மாதிரி.

"சார், மைக்க நீட்டுனீங்க. அவரு பேசுனாரு. வாய் அவருது. பொய் சொன்னது அவரு, ஏமாந்தது நாம. இதுல நமக்கென்ன?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் சொன்னது கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். ஒரு பொய்யும் புதிதாகச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். நானும் ஒரு மணி நேரம் சும்மா இருந்து பார்த்தேன். தண்ணீர் பிரச்சினை ஊருக்கு ஊர் இருக்கிறது, ஆப்பரேட்டருக்கு வேறு வேலை கிடைக்கும், சின்னவன் கல்லூரியில் முதல் வருடம், இந்த வயதில் எனக்கு யார் மைக் தருவார்கள் என்று வரிசையாகக் காரணம் வந்தது. காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர்தான் மூன்று நாளாக வரவில்லை.

பிறகு செல்போனில் வெட்டாத வீடியோவைத் தேடி எடுத்தேன். ஒளிபரப்பானது எட்டு விநாடி. மாதையனிடம் நான் எடுத்தது இரண்டு நிமிடத்துக்கு மேல். அதை முதல் தடவையாகக் காதால் கேட்டேன். கேட்டு முடித்ததும் மறுபடி டெஸ்க்கைக் கூப்பிட்டு, கூட்டத்தில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொன்னீங்கன்னா திங்கக்கெழம ஐடி கார்டக் குடுத்துருங்க சார்" என்றான். "அந்த வீடியோவ இப்பவே அழிச்சிட்டா ஒண்ணும் ஆகாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றன்."

ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் மாதையன் வீட்டுக்குத்தான் போனேன். அவர் மனைவி முனியம்மா வாசலில் நின்றிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்.

"நீங்கதானா அது? எங்க வூட்டுக்காரரு வாயில சிரிப்பத் திணிச்சது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நாலு நாளா அந்த மனுசன் சோறுகூட ஒழுங்காத் திங்கல. போர்லருந்து மோட்டார மேல ஏத்தி, தோள்ல தூக்கி வண்டியில வச்சு ஓடுனாரு. நேத்து தண்ணிக்குப் போன தோட்டத்துல ஒருத்தி கேக்கறா, 'என்னாக்கா, இடைவேளைல முறுக்கு வாங்கிக் குடுத்தாரா?'ன்னு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தண்ணிக்குப் போறது?"

மாதையன் உள்ளிருந்து வந்தார். கையில் இன்னும் கிரீஸ் போகவில்லை. வெட்டாத வீடியோ இருக்கிறது, கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அவர் முகம் தெளியவில்லை, இன்னும் வெளிறியது.

"முழுசாவா போடுவீங்க?"

"ஏங்க?"

"படம் பாக்கலன்னு சொன்னனில்ல, அது வரைக்கும் போடுங்க. அதுக்கப்புறம் பேசுனது வேணாங்க. அன்னிக்கு ஏதோ எரிச்சல்ல சொல்லிட்டன். இந்த ஊர்லதாங்க நாங்க குடியிருக்கணும்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஊர் கூடியிருந்தது. மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய மைக் செட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு வந்திருந்தார்கள். தலைவியம்மா ஒரு நாற்காலியில் பேசாமல் இருந்தார். அவர் வீட்டுக்காரர் மைக்கில் இருந்தார். மாதையனுக்குப் பதிலாக யாரைப் போடுவது என்பதும் முடிவாகியிருந்தது: தலைவி வீட்டுக்காரருடைய அக்கா மகன். அந்தப் பையன் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் "டிவி சாரே வந்துட்டாரு!" என்று கைதட்டினார்கள். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். மைக்கை வாங்கிச் சொன்னேன்.

"அய்யா, அம்மா, எல்லாரும் மன்னிக்கணும். மாதையன் படம் பாக்கல. பாத்த மாதிரி சொல்லச் சொன்னது நான். அது பொய்ச் செய்தி."

 கூட்டமே சிரித்தது.

"சார், இது படத்துக்கு வெளம்பரமா?" என்றான் ஒரு இளைஞன். "அந்தப் படத்துலயும் கடைசில நிருபர் இப்பிடித்தான் மைக்கப் புடிச்சு மன்னிப்புக் கேக்கறானாம். என் பிரண்டு சொன்னான்."

"மாதையன் வூட்ல சாப்புட்டு வந்து பேசறாரு!" என்றது இன்னொரு குரல்.

என் நிலைமையைப் பாருங்கள். முப்பது வருடம் செட் பண்ணியதை எல்லாம் நம்பினார்கள். முதல் தடவையாக உண்மையைச் சொன்னால் நடிப்பு என்கிறார்கள். காயில் கடைப் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அல்லா மேல ஆணையா சொல்றேங்க, காலைல ஒம்போது மணிலருந்து என் கடை பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாரு. சாப்புடக்கூட அந்தாண்ட போகல. காயிலே இன்னும் கட்டி முடிக்கல" என்றார் பாய்.

"பாய் நல்ல மனுசன்" என்றார் தலைவி வீட்டுக்காரர். "யாராவது கெஞ்சுனா இல்லன்னு சொல்லமாட்டாரு. அடுத்த விசயத்துக்கு வாங்க."

அப்போது மகளிர் குழுவிலிருந்து செல்வி என்ற அம்மா எழுந்தார். இடுப்பில் குடம். "ஏங்க டிவிக்காரரே, வாயால சொன்னா யாரு நம்புவா? காட்டறதுக்கு ஒண்ணும் இல்லயா?"

செல்போனை எடுத்தேன். அந்தச் சின்னத் திரையில் ஊருக்கு என்ன தெரியும்? செல்வி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து செல்போனை வாங்கி மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் என் குரல் கிளம்பியது. எவ்வளவு அலட்சியமான குரல், கேட்க எனக்கே கூசியது.

"...கையப் பின்னால கட்டுங்க. இங்க பாருங்க. இப்பதான் படம் பாத்துட்டு வர்றன்னு சொல்லுங்க."

"நான் படமே பாக்கலீங்களே."

"நானுந்தான் பாக்கல. சும்மா பாத்த மாதிரி சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். ஒலிபெருக்கியில் மாதையன் தொடர்ந்தார்.

"ஊர்ல ரெண்டு நாளா தண்ணியில்லீங்க. காயில் கட்டி எடுத்துட்டுப் போகணும். இதுல எங்கருந்துங்க சிரிக்கறது?"

"அதெல்லாம் கட் பண்ணிக்கலாம். மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க."

இதுவரைக்கும்தான் வாக்கு. நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன். செல்வி செல்போனை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். "இருங்க, இன்னும் ஓடுதுல்ல?" தலைவி வீட்டுக்காரரும் அவசரமாக எழுந்தார். "போதும் போதும், தெரிஞ்சு போச்சு. மாதையன் மேல தப்பு இல்ல. கூட்டம் முடிஞ்சுது, கலைங்க!" இவ்வளவு நேரம் கேட்காத நியாயம் அவருக்கு ஒரே நொடியில் கேட்டுவிட்டது.

மாதையன் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வேலை தப்பிவிட்டது, பேரும் மீண்டுவிட்டது. இதோடு நிறுத்தினால் யாரோடும் பகையில்லை. அவர் முனியம்மாவைப் பார்த்தார். முனியம்மா காலிக் குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடட்டும் வுடுங்க" என்றார் மாதையன்.

ஓடியது.

"ஸ்பேர் மோட்டார் ஒண்ணு இருந்துச்சுங்க. அது இருந்திருந்தா அன்னிக்கே மாட்டி தண்ணி வுட்டிருப்பன். அதத் தலைவியம்மா வூட்டுக்காரரு தோட்டத்துப் போர்ல எறக்கியிருக்காங்க, நாலு மாசமா. ரெண்டு தடவ கேட்டுட்டன். நீங்க டிவிதானுங்களே, இதப் போடுவீங்களா?"

அதற்கு என் குரல்: "போடலாம் போடலாம். இப்ப படத்தப் பத்திச் சொல்லுங்க. எல்லாக் கவலையும் மறந்து போச்சுன்னு சேத்துக்கங்க. ரெடி?"

செல்வி செல்போனை இறக்கினார். எல்லாத் தலையும் தலைவி வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

"அது... சர்வீஸ் பாக்கறதுக்காக எடுத்துட்டுப் போனது" என்றார் தலைவி வீட்டுக்காரர்.

"நாலு மாசமா சர்வீஸு!" என்றாள் பின்னால் ஒரு கிழவி. "அதான் ஒங்க வாழத் தோட்டம் மட்டும் அப்பிடித் தளதளன்னு நிக்குதா?"

சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது முனியம்மா. தலைவியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்: "தோட்டத்து மோட்டார ஏத்திட்டு வர டிராக்டர எடுக்கச் சொல்லுங்க." வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அக்கா மகன் எப்போது எழுந்து போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அப்பா ஹீரோ என்று இந்த இடத்தில் நினைத்துவிடாதீர்கள். செல்வி செல்போனைத் திருப்பிக் கொடுத்தபோது என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்.

"ஏங்க, ஊர்ல தண்ணியில்லன்னு சொல்றாரு, ஏன் இல்லன்னும் சொல்றாரு. ஒங்க கைலயே இருந்திருக்கு. அத வெட்டிட்டு, சிரிச்சாருன்னு போட்டிருக்கீங்க. ஒங்களுக்கு இது மாதிரிதான் தெனமுமா?"

 பொய்ச் செய்தி எடுக்கிறவன் உண்மை தெரியாமல் எடுப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மை என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, போடுவீர்களா என்று கேட்டிருக்கிறது. நானும் போடலாம் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதுகூட எனக்கு நினைவில்லை. மகளே, நீ கேட்ட டிப்ஸ் இதுதான், இது ஒன்றுதான். மைக்கை நீட்டினால் காதையும் சேர்த்து நீட்டு. படம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைப் போடு. ஏசி நன்றாக இருந்தது என்றால் அதையும் போடு. ஆறு பேர் கிடைக்கவில்லை என்றால் இரண்டு பேர்தான் கிடைத்தார்கள் என்று டெஸ்க்குக்குச் சொல். திட்டுவார்கள். வாங்கிக்கொள்.

அன்று மதியமே ஸ்பேர் மோட்டார் விஷயத்தை எழுதி, அந்த இரண்டு நிமிட வீடியோவோடு, செய்தியில் வரட்டும் என்று டெஸ்க்குக்கு அனுப்பினேன். வரவில்லை. சாயங்காலம் தம்பி ஒரே வரி அனுப்பினான்: கார்டை சேலம் ஆபீஸில் ஒப்படைத்துவிடவும். பாவம், அவனையும் யாரோ ஏவுகிறார்கள். அந்த வாரமே டிக்கெட் எடுத்து அந்தப் படத்தைப் போய்ப் பார்த்தேன். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: கிண்டல் பத்தாது. நிருபர்களை ரொம்பக் கெட்டிக்காரர்களாகக் காட்டிவிட்டார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கார்டை எடுத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். மாதையன் கூப்பிட்டார்.

"ஸ்பேர் மோட்டார் மாட்டியாச்சுங்க. ஆறு மணிக்கெல்லாம் தண்ணி வுட்டாச்சு. செய்தில போட்டுக்கங்க."

"இனிமே எனக்குச் செய்தி போட எடமில்லீங்க. வேலை போயிருச்சு."

செருப்புச் சத்தம் கேட்டது, எங்கோ நடந்து போனார். 

"அப்ப சும்மாவாவது கேட்டுக்கங்க" என்றார்.

செல்போனைப் பைப்படியில் நீட்டிப் பிடித்தார் போலிருக்கிறது. தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம். ஒரு குடம் நிரம்பி, எடுத்து, அடுத்த குடம் வைக்கிற சத்தம். நடுவில் முனியம்மா யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுகிற குரல். தொப்பூர் கணவாயில் டவர் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன்.